சாமை வாங்காத வீடு

கொல்லிமலைக்கு எதற்குப் போனாய் என்று மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் கேட்டவர்களிடமெல்லாம் அருவி பார்க்க என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அருவி இருக்கிறது என்று கேள்வி. நான் பார்க்கவில்லை. நான் போனது ஒரு சிறுகதைக்கு அனுமதி கேட்க. கதைக்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று என் கணவர் கேட்டார். பயம் வந்தால் போவார்கள்.

மலேசியாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் எழுதிய கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஆகச் சிறந்த கதை அரப்பளி எழுதியது. கிள்ளானில் ஓர் உணவகத்தில் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம்; அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நான் நடத்திய கதை வகுப்புக்குக் கடை விடுமுறை நாளில் வருவான், கடைசி வரிசையில் உட்காருவான், பேச மாட்டான். ஒருநாள் பேசாமலே பத்துப் பக்கத்தை நீட்டினான்.

கதை இதுதான். மலையில் ஓர் ஊர். நோம்பி என்கிற ஊர்த் திருவிழா வந்தால் வீட்டுக்கு ஒரு படி சாமை வாங்கி, எல்லார் வீட்டுச் சாமையையும் ஒரே பானையில் பொங்குவார்கள். ஒரு வீட்டில் மட்டும் வாங்க மாட்டார்கள், அந்த வீட்டு மருமகள் சமவெளியிலிருந்து வந்தவள் என்பதால். விருந்து என்றால் அவளுக்கு மட்டும் தனித் தட்டு. மாறிவிடக் கூடாதே என்று அதன் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. அவள் அந்தத் தட்டைக் கொல்லைப்புறம் எடுத்துப்போய் நின்றுகொண்டே சாப்பிடுவாள். படித்து முடித்துவிட்டு அழுதேன். கதையில் ஊர்ப் பெயரும் பெண்ணின் பெயரும் அசல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் அவன் மனைவி தங்கம்.

அவளைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப எனக்குத் துணிவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். “கதையைப் பத்திங்களா?” என்றாள். “போன்ல பேசற விசயம் இல்லீங்க. முடிஞ்சா நேர்ல வாங்க.” அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கவலைப்படுவதில் எங்கள் குடும்பமே கைதேர்ந்தது, அதில் நான் மூத்தவள்.

முதல் நாள் பேருந்து. காரவள்ளி தாண்டியதும் மலை தொடங்குகிறது, கூடவே எழுபது கொண்டை ஊசி வளைவுகளும். எங்கள் நாட்டுக் கேமரன் மலைச் சாலையையே கண்ணை மூடிக்கொண்டு கடப்பவள் நான். “வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, பை இருக்குது,” என்றார் நடத்துநர், பயணச் சீட்டு கிழிக்கும் அதே குரலில். எதிர் வரிசையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினார். சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம், பெயர் சாதிக். மலையில் எல்லார்க்கும் அவர் சாதிக் பாய்.

“ஏனுங்க, எந்த ஊருங்க?”

“மலேசியா.”

“அது சரிங்க. அதுக்கு முன்னாடி?”

கொள்ளுத்தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினார் என்பதோடு எங்கள் வீட்டுச் சரித்திரம் முடிந்துவிடும். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கிள்ளானிலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், வேறு மொழியில். அங்கே கோபம் வரும். இங்கே எலுமிச்சம்பழம் கொடுத்தவரிடம் கோபப்பட முடியவில்லை.

பாதி மலையில் ஒரு வளைவில், மேலிருந்து வந்த மரலாரியும் எங்கள் பேருந்தும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுகொண்டன. பின்னால் போகச் சொல்லி இரண்டு ஓட்டுநர்களும் ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இருவருமே அசையவில்லை. நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம். கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று, போகிற ஊரையும் வீட்டையும் பாயிடம் சொன்னேன்.

“அட, கதைக்காரர் ஊடுங்களா?” என்றார்.

கதை இன்னும் அச்சாகவே இல்லையே என்றேன், பாய் விவரம் சொன்னார். அரப்பளி தானே அதைச் சத்தமாகப் படித்து, போனில் பதிவு செய்து, ஊரிலிருக்கும் பங்காளி ஒருவனுக்குப் பெருமையாக அனுப்பியிருக்கிறான். பங்காளி இன்னொருவருக்கு அனுப்ப, அது மலைமேல் செம்மேட்டு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பாய் அங்கேதான் கேட்டாராம்.

“நல்லாத்தாங்க படிச்சிருந்தாரு. ஆனா பொய்யிங்களே அது. அவங்க ஊட்டுச் சாமையை வருசா வருசம் வாங்கறாங்க, நானே பாத்திருக்கறேன். அந்தம்மா சமவெளிக்காரியும் இல்லீங்க, இதே மலைதான், தேவனூர் நாட்டுப் பொண்ணு. வாங்குன சாமையை வாங்கலைன்னு சொன்னா ஊருக்குக் கோவம் வராதுங்களா? இந்த வருசம் நெசமாவே வாங்கக் கூடாதுங்கறாங்க. எழுதுனபடியே ஆகட்டும்ங்கறாங்க.”

“எப்போ வாங்குவாங்க?”

“நாளன்னைக்குக் காலைல.”

“வாங்கலைன்னா?”

பாய் தாடியைத் தடவினார். “அப்பறம் அந்த ஊட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. நல்லதுக்கும் சரி, கெட்டதுக்கும் சரி. இப்பவே பாருங்க, ஊர்ல எல்லா ஊட்டு மிளகும் காயப்போட்டாச்சு. அவங்க மிளகு மட்டும் இன்னும் கொடியிலயே நிக்குது. மரம் ஏற ஆள் வரலை.”

லாரிதான் கடைசியில் பின்வாங்கியது. மீதி வளைவுகளில் எனக்குக் குமட்டல் வரவில்லை. பயத்துக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு, மற்ற நோய்களை அண்ட விடாது.

செம்மேட்டில் ஒரு விடுதியில் தங்கினேன். அன்னாசிப்பழம் வெட்டி, மிளகாய்ப் பொடி தூவி விற்றார்கள். எங்கள் ஊரில் அதே பழத்துக்குச் சர்க்கரையும் உப்பும் சோயா சாஸும் போடுவோம். சாப்பிட்டுக்கொண்டே போனில் அரப்பளியைக் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ அவனை அதட்டும் சத்தம்.

“ஊர் பேரை ஏம்பா அப்படியே போட்ட?”

“நம்மூரு பேரு ஒரு புத்தகத்துல வரணும்னு ஆசைங்கக்கா.”

“சரி, நடக்காததை எதுக்கு எழுதின?”

“கதைன்னா ஏதாச்சும் நடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். “கூட்டமா இருக்குதுங்கக்கா, அப்பறம் பேசறேன்.” வைத்துவிட்டான்.

சொன்னேன்தான். எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். அந்த வரியை யாராவது இவ்வளவு நம்புவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பாயின் வேனில் ஏறிக்கொண்டேன். மிளகு வாசனையில் வழியெல்லாம் தும்மல். சாலையோரம் தார்ப்பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது, பச்சை கறுப்பாகிக்கொண்டு. ஊர் முகப்பில் இறங்கி, சாணம் மெழுகிய ஒரு பரந்த இடத்தைக் குறுக்கே கடந்தேன். பாதி தூரத்தில் ஒரு குரல்: “அம்மிணி, செருப்பைக் கழட்டுங்க. அது களம்.”

தானியம் அடிக்கிற களத்தில் செருப்புக் கால் படக் கூடாது என்பது தமிழ்நாட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த என் வம்சத்துக்குக் களமே கிடையாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கம் வீட்டுக்கு ஓடினேன். குரல் கொடுத்தவர்தான் ஊர்க்கவுண்டர் என்றும், சாமை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவர் அவர்தான் என்றும் தங்கம் சொன்னாள். ஏற்கெனவே கெட்டிருந்த காரியத்தை நான் செருப்புக் காலால் வேறு மிதித்துவிட்டேன் என்று அன்று முழுவதும் நினைத்து நினைத்து நொந்துகொண்டேன்.

தங்கம் நான் நினைத்திருந்த தங்கம் இல்லை. கதையில் வருகிறவள் மெலிந்தவள், தலை நிமிர மாட்டாள். இவள் நல்ல உயரம், கணீரென்ற குரல். குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள். நாங்கள் மரவள்ளி என்போம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்ததாகச் சொல்லி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தொட மாட்டார்கள். இங்கே மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டபோது, எங்கள் பெரியவர்கள் மேல் எனக்குச் சின்ன வருத்தம் வந்தது. பிறகு சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு. நான் உள்ளே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் சில்வர் ஓக் மரங்கள், மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி. பழுத்துச் சிவந்த சரங்கள் உதிர்ந்து தரையில் கிடந்தன. மூங்கில் ஏணி ஒரு மரத்தில் சாய்ந்தபடியே இருந்தது.

“கீழ எட்டுனதை நானே பறிச்சுட்டேனுங்க. மேல ஏறணும்னா ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும்,” என்றாள். “ஊட்டுக்காரர் இல்லாத ஊட்டுக்கு ஊருதானுங்க ஆம்பளை. வருசா வருசம் அவங்களே வந்து ஏறுவாங்க. நானும் அவங்க காட்டுல களை எடுப்பேன். இந்த வருசம் ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பலை.”

“அவர் ஏன் அப்படி எழுதினார்னு கேட்டீங்களா?”

“கேக்கணும்ங்களா? எனக்குத் தெரியுங்களே.” என்னையே பார்த்தாள். சொல்லலாமா என்று எடைபோடுகிற பார்வை. “நீங்க அவருக்கு வேண்டப்பட்டவங்க, அதனால சொல்றேன். எங்க ஊர்ல யாருக்கும் தனித் தட்டு கெடையாதுங்க. நோம்பிச் சோறு எல்லாருக்கும் ஒரே மாதிரி இலைலதான். அந்தத் தட்டு அவரு வேலை பாக்கற கடைல இருக்கறதுங்க. வேலையாளுங்க தட்டுக்கு அடியில சிவப்புப் பொட்டு வெச்சிருக்கறாங்களாம், வர்றவங்க தட்டோட கலந்துரக் கூடாதுன்னு. முன்பக்கம் உக்கார்றதுக்கும் இல்லையாம். பின்னாடி பாத்திரம் கழுவற எடத்துல நின்னுட்டே தின்னணும். வந்த புதுசுல போன்ல சொல்லி அழுதாரு. அப்பறம் சொல்றதை நிறுத்திட்டாரு.”

நான் பொறுக்கி வைத்திருந்த மிளகுச் சரத்தைக் கீழே போட்டேன்.

அந்த உணவகம் எனக்குத் தெரியும். எங்கள் தொகுப்புக்கு அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவர் அதன் முதலாளி. வெளியீட்டு விழாவே அவர் கடையின் மாடியில்தான். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே சாப்பிடுகிறேன், முன்பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே. கதையைப் படித்து அழுத நான், மலையில் இருக்கிற ஊர் எவ்வளவு கொடுமையானது என்று நினைத்துத்தான் அழுதேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயமாக இருந்தது.

“இதை ஊர்ல சொல்லலாமே? சொன்னா சாமை வாங்கிடுவாங்களே?”

“சொல்லலாமுங்க. சொன்னா அதையும் எவனாச்சும் போன்ல பிடிச்சு அனுப்புவான். அது அங்க போயிச் சேரும். அவரு வேலை பர்மிட்டு அந்த முதலாளி கைல இருக்குது.” உதிர்ந்த மிளகைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். “அதனாலதாங்க போன்ல வேண்டாம், நேர்ல வாங்கன்னேன். நீங்க எழுதற ஆளு. அவரு பொழப்பும் போகாம, என் சாமையும் நிக்காம, சொல்றதுக்கு ஒரு வழி இருக்குதுங்களா?”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுதுகிறவர்களிடம் இருக்கும் ஒரே வழி அதுதான். அன்றிரவு அவள் வீட்டில் படுத்து யோசித்தேன். விடிகிற வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் மேளச் சத்தம் கேட்டது. ஊர்க்கவுண்டர் முன்னால், இரண்டு பேர் பெரிய மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு பின்னால், பெண்கள் அதற்குப் பின்னால். வீடு வீடாக நின்று வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு படி சாமை கூடையில் விழும், கவுண்டர் அதைக் கையால் தடவிச் சமப்படுத்துவார், அடுத்த வீடு. தங்கம் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, படியில் சாமையைக் கோபுரமாக நிரப்பிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அவர்கள் வாசலுக்குள் வரவில்லை. பாதையிலேயே நின்றார்கள். மேளம் நின்றது.

“தங்கம், உன் ஊட்டுக்காரன் கதைப்படி நாங்க உன் சாமையை வாங்கறவங்க இல்லையே. அப்பறம் எதுக்குப் படியோட நிக்கற?” என்றார் கவுண்டர். குரலில் கோபத்தைவிட வருத்தம் கூடுதலாக இருந்தது.

“கதைல இருக்கற ஊரு இது இல்லீங்க மாமா.”

“பேரு நம்ம பேருதானே?”

“பேரு நம்முதுங்க. ஊரு நம்முது இல்லீங்க.”

“அப்ப எந்த ஊரு? சொல்லு, கேட்டுக்கறோம்.”

தங்கம் வாயைத் திறந்தாள். கூட்டத்தில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவர்கள் அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார்கள்.

“அந்த போனைக் கீழே வைக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கவுண்டர் என் காலைப் பார்த்தார். இன்று வெறுங்கால். பிறகு திரும்பி ஒரு பார்வை பார்த்தார். போன் சட்டைப் பைக்குள் போயிற்று.

“அது எங்க ஊருங்க. நான் இருக்கிற ஊரு, மலேசியாவுல. அந்தத் தட்டு அங்கே இருக்கிறது. நின்னுட்டே சாப்பிடறதும் அங்கேதான். அதுல வர்ற பொம்பளை தங்கம் இல்லீங்க, அரப்பளி.”

கூட்டத்தில் ஒரு பெண், “கடல் தாண்டிப் போயியும் இந்தப் பாடா?” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது கேட்டது.

“அப்ப எதுக்கு எங்க தலைல போட்டான்?” கவுண்டர் இப்போதுதான் உண்மையில் கோபப்பட்டார்.

தங்கம்தான் பதில் சொன்னாள். “அங்கிருக்கறவங்களைச் சொன்னா பொழப்புப் போயிருமுங்க மாமா. உங்களைச் சொன்னா, ரெண்டு ஏசு ஏசிட்டு உட்டுருவீங்கன்னு நெனச்சிருப்பாரு.”

கவுண்டர் கூடையைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “அவன் அப்பன் இருந்திருந்தா தோலை உரிச்சிருப்பான்,” என்றார். பிறகு என்னிடம், “ஏனுங்க அம்மிணி, அங்க அவனுக்குன்னு பேச யாரு இருக்கறாங்க?”

“நான் இருக்கேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. மாடி, விழா, முதலாளி, அச்சகத்தில் காத்திருக்கிற பக்கங்கள் எல்லாம் கண்முன் வந்தன. கவுண்டர் நம்பினாரா என்று தெரியவில்லை. கூடைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் வாசலுக்குள் வந்தார்கள்.

தங்கம் படியைக் கவிழ்த்தாள். கவுண்டர் மற்ற வீட்டுச் சாமையோடு சேர்த்து அதைக் கையால் தடவிவிட்டார். “நாளைக்கு ஏணி பிடிக்க ஆள் அனுப்பறேன். இன்னைக்கு நோம்பி, வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு நடந்தார். மேளம் மறுபடி தொடங்கியது. தங்கம் காலி படியோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எனக்குப் பாதி ஆறுதல், பாதி பயம்.

நோம்பிச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தங்கம் வேன் வரைக்கும் வந்தாள். “முதலாளிகிட்டப் பேசுங்க. ஆனா எங்க ஊட்டுக்காரரைக் கேட்டுட்டுப் பேசுங்க,” என்றாள். “எங்களைக் கேக்காம அவரு எழுதுனாரு, நாங்க பட்டோம். அவரைக் கேக்காம நீங்க பேசிறாதீங்க.”

செம்மேடு வந்ததும் பேருந்து நிலையத்தில் ஓர் ஓரமாக நின்று அரப்பளியைக் கூப்பிட்டேன். மதியக் கூட்டம் முடிந்திருக்கும் நேரம். சாமை வாங்கியதைத் தங்கம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் ஊர் முன்னால் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லியிருந்தாள். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன்.

“முதலாளிகிட்ட நான் பேசட்டுமா?” என்று கேட்டேன். “நீ வேண்டாம்னா பேசலை. கதையையும் எடுத்துடலாம். யாருக்கும் தொல்லை இல்லை.”

“கதையை எடுக்காதீங்கக்கா,” என்றான். “ஊர் பேரை மட்டும் மாத்திருங்க.”

“என்ன பேர் போட? இல்லாத ஊர் ஒண்ணு யோசிப்போமா?”

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “இருங்க, வாரேன்,” என்று அவர்களுக்குச் சொன்னான்.

“வேண்டாங்கக்கா. கிள்ளான்னே போடுங்க.”

“முதலாளி படிப்பாரேப்பா. பர்மிட்டு?”

“போனாப் போகுதுங்க, ஊருக்கு வந்துருவேன்,” என்றான் அரப்பளி. “சாமைதான் வாங்கிட்டாங்கல்ல?”